மேயர் அடித்த பெனால்டி

தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட எனக்கு மனம் வராது. அந்த ஓட்டையில் ஒரு கனவை வைத்துத் தைத்துவிடுவேன். இந்தக் கோளாறு மலாயாவின் அவசரகாலத்தில் ஒரு நல்ல மனிதரைப் படாதபாடு படுத்தியது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மந்தின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் தமிழ்ப்பள்ளியில் டீச்சர். தோட்டத்து வீடுகளை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று வாசலில் சோதனை. எனக்கு அந்த வேலிகூட அழகாகத்தான் தெரிந்தது. விடியற்காலையில் முள்ளுக்கு ஒரு பனித்துளி தொங்கும். பாடத்தை மறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். (பிள்ளைகள் சமர்த்து. என்னை எழுப்ப மாட்டார்கள்.)

எங்கள் தோட்டத்துக் கால்பந்துக் குழுவுக்கு சிரம்பானில் விளையாட அழைப்பு வந்தது. பதினோரு இளைஞர்கள் வேலியைத் தாண்டிப் போவதென்றால் யாராவது பெரிய மனிதர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடவேண்டும், இல்லாவிட்டால் விடமாட்டோம் என்றது போலீஸ். பக்கத்து நகரசபைத் தலைவரை அணுகினோம். அங்குள்ள விளையாட்டுச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். நாங்கள் அவரை மேயர் என்றே சொல்வோம். யாழ்ப்பாணத்துக்காரர். ஞாயிறு மாலை வருவதாகச் சொல்லியனுப்பினார்.

தோட்டத்து ஆபீஸின் தலைமை எழுத்தர், பெரிய கிராணி, என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், மேயரோட வாழ்க்கைய ரெண்டு பக்கம் எழுதி வாசிச்சிருங்க. அவரு மனசு குளிரணும்லா."

"அவரப் பத்தி என்னங்கய்யா தெரியும்?"

"மேயரு. கிளப்பு தலைவரு. மீசை வெச்சிருக்காரு."

மூன்று தகவல்கள். எனக்கு அது தாராளம்.

ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலம். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சிவந்த இலைகள் விழ விழ, மேயரின் இளமை கண்முன் ஓடியது. வெறுங்காலால் ரப்பர் கொட்டையை உதைத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினார். ஒரே ஆட்டத்தில் ஏழு கோல் போட்டார். அவர் உதைத்த பந்து ஒருமுறை மேகத்துக்குள் போய் நனைந்து திரும்பியது. (இதையும் எழுதினேன். கோடு போட்டு அடிக்கவில்லை.)

மேயர் வெள்ளைக் கோட்டும் காலில் பளபளக்கும் கறுப்புச் சப்பாத்துமாக வந்தார். நான் வாசிக்க ஆரம்பித்ததும், இது யாரைப் பற்றி என்பதுபோல ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். ஏழாவது கோலில் கூட்டம் எழுந்துவிட்டது.

"மேயர் ஐயா ஒரு பெனால்டி அடிக்கணும்!"

அவர் என் பக்கம் குனிந்தார். "பிள்ளை, நான் எப்ப பந்தடிச்சனான்? இடைவேளையிலை தோடம்பழம் வெட்டிக் குடுத்தே தலைவரானனான்."

"இப்ப மாட்டேன்னு சொன்னா அசிங்கமாயிருங்கய்யா."

"ஆருக்கு?"

எனக்குத்தான். கையிலிருந்த தாளைச் சுருட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு பெருமூச்சோடு மைதானத்தில் இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன்.

கோல் காவலர் மாணிக்கம், பந்தை விட்டுவிடுகிறேன் என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். மேயர் ஓடிவந்து உதைத்தார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. சப்பாத்து கிளம்பியது.

மாலை வெயிலில் மின்னிக்கொண்டு, உதிரும் இலைகளுக்கு நடுவே, அவசரமே இல்லாமல் அது மேலே போயிற்று. அப்படியொரு அழகை அதுவரை நான் பார்த்ததில்லை. கோலுக்குப் பின்னால் வேலியில், ஆள் நுழைந்தால் சத்தம் கேட்கட்டுமென்று தகர டின்கள் கட்டியிருந்தார்கள். அதில் போய் இறங்கியது. வேலி முழுவதும் அலறியது.

"தியாராப்! தியாராப்!" என்று மலாய்க் காவலர் கத்தினார். அந்த நாட்களில் எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை: குப்புறப் படு. தோட்டமே படுத்தது. போன மாதம்தான் பக்கத்துத் தோட்டத்தில் சுட்டிருந்தார்கள்.

"தலையைத் தூக்காதை, பிள்ளை" என்று மேயர் தன் கையால் என் தலையை மறைத்தார். பிறகு எந்தச் சத்தமும் இல்லை. மூக்கின் முன்னால் ஓர் எறும்பு புல்லில் ஏறியது. எங்கள் முதுகுகளின் மேல் சிவப்பு இலைகள் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன. உலகம் அப்படியே நின்றுவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது. (எழுந்தால் பதில் சொல்லவேண்டுமே. பொய் எழுதியவளுக்கு வேறென்ன தோன்றும்!)

காவலர் துப்பாக்கி முனையில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வந்தார். முதலில் சிரித்தவர் மேயர்தான். கோட்டில் மண்ணோடு, ஒற்றைக் காலில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

"பொடியள் போய் விளையாடட்டும். ஆனா ஒண்டு, இந்தப் பிள்ளையை இனி ஆருக்கும் வரவேற்புரை வாசிக்க விடாதேங்கோ."

குழு சிரம்பானுக்குப் போய் நான்கு கோல் வாங்கிக்கொண்டு வந்தது. நான்கையும் உள்ளே விட்டவர் மாணிக்கம். பிற்பாடு அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

பல வருஷங்கள் கழித்து அம்பாங்கானில் எங்கள் பேத்தியின் கல்யாணம். சம்பந்தியை அறிமுகப்படுத்த மைக்கைப் பிடித்து, "நம்ம சம்பந்தி சின்ன வயசுல..." என்று தொடங்கினேன். முன்வரிசையில் என் கணவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அடுத்து மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். எங்கள் வரிசை முழுவதும் குனிந்துவிட்டது. சம்பந்தி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் வாழ்க்கையைக் கேட்க ஆவலோடு காத்திருந்தார்.