பாண்டிகளைக் கண்டால் அலறும் காவலன்

மனித குலத்தைக் காக்க வந்த மாபெரும் படை எது என்று எதிர்கால வரலாறு கேட்குமானால், மேலூர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருக்கும் காளையின் கம்ப்யூட்டர் அச்சகத்தில் குடியேறிய ‘வைரஸ் காவலன்’ என்றே பதில் வரும். மதுரையிலிருந்து விக்ரம் என்கிற ‘நிபுணர்’ ப்ளாப்பியில் கொண்டுவந்து இறக்கிய மென்பொருள் அது. ஆபத்து என்றால் திரை சிவக்கும். கம்ப்யூட்டர் ஆம்புலன்ஸ் மாதிரி அலறும். கீழே டீக்கடையில் இருப்பவர்கள்கூட மரியாதையாக எழுந்து நிற்பார்கள்.

அந்தக் காவலனிடம்தான் செல்லத்தாய் வந்து மாட்டினாள். மகளுக்குக் காதுகுத்து. முந்தின நாள் வாங்கிப்போன ப்ரூஃபில் பிழை பார்த்து, சரி என்று சொல்லிப் பத்திரிகை அடிக்க வந்திருந்தாள். காளை அந்தப் பக்கத்தைத் திறந்தான். அலறல்.

“அக்கா, பத்திரிகைக்கு வைரஸ்!”

“நேத்து நல்லாத்தானடா இருந்துச்சு?”

“நேத்து காவலன் இல்லையே. ஒரே சங்கதி திரும்பத் திரும்பப் பெருகுனா அதுதான் வைரஸாம். இங்கன பாருங்க. ஜெயபாண்டி, அழகுபாண்டி, வீரபாண்டி, சின்னப்பாண்டி, ராஜபாண்டி… அம்புட்டும் பெருகிக்கிட்டே போகுது.”

“அது வைரஸ் இல்லடா, எங்க சொந்தபந்தம்!”

காளை அறிவியலை எதிர்த்துப் பேசுகிறவன் அல்ல. ‘கிருமி நீக்கம்’ உடனே தொடங்கியது. ராஜபாண்டியை எடுத்தான், அலறியது. சின்னப்பாண்டியை எடுத்தான், கொஞ்சம் கூடுதலாகவே அலறியது. ஒவ்வொரு பெயர் போகும்போதும் ஒவ்வொரு வீட்டோடு பேச்சுவார்த்தை அறுவது செல்லத்தாய் காதில் கேட்டது. அழகுபாண்டியை எடுத்ததும் திரை பச்சையானது.

“சுத்தமாயிருச்சுக்கா!”

“எது சுத்தம்? அவன் என் கூடப்பொறந்த தம்பி. தாய்மாமன் பேரு இல்லாமப் பத்திரிகை போனா அவன் வாசப்படி மிதிப்பானா? பிள்ளைய யாரு மடியில வச்சுக் காது குத்துறது? உன் காவலன் மடியிலயா?”

காளை பயந்துபோய் விக்ரமுக்குப் போன் போட்டான். நிபுணர் அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்.

“அம்மா, இதப் பொய் அலாரம்னு சொல்லக்கூடாது. ‘முன்னெச்சரிக்கை’ன்னு சொல்லணும்,” என்று விளக்கிவிட்டு, கையோடு கொண்டுவந்த புது ப்ளாப்பியைச் செருகினார். காவலன் மூச்சுவிடவில்லை. பாண்டிகள் எல்லாரும் பத்திரிகையில் மறுபடி ஏறினார்கள். அப்போதும் சத்தமில்லை. காளை கைதட்டினான்.

தட்டி முடிப்பதற்குள், உச்சியில் இருந்த பிள்ளையார்சுழி கழன்று கீழே விழுந்தது. அதன் பின்னாலேயே எழுத்துகள் பொலபொலவென்று உதிர, பாண்டிகள் அத்தனை பேரும் திரையின் அடியில் குப்பையாகக் குவிந்தார்கள்.

“என்ன தம்பி இது?”

விக்ரம் அவசரமாகப் ப்ளாப்பியை உருவினார். “இது… நெஜ வைரஸும்மா. இந்தப் ப்ளாப்பியில இருந்து வந்திருக்கும்.”

“அப்ப ஏன் அது கத்தல?”

“இது எங்க கம்பெனி ப்ளாப்பி. எங்க ப்ளாப்பியப் பாத்தாக் கத்தக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கோம்.”

செல்லத்தாய் இறங்கிப் போனாள். கையிலிருந்த ப்ரூஃபைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, மஞ்சள் தாளில் கட்டுக்கட்டாகப் பிரதி எடுத்தாள். ஒரு பாண்டி குறையவில்லை. முதல் பத்திரிகையைக் குலசாமிக்கு என்று எடுத்துவைத்தாள். இரண்டாவதை வெற்றிலை பாக்கோடு மாடிக்குக் கொண்டுவந்து, அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் வைத்தாள்.

“தம்பி, உங்க காவலனக் கட்டாயம் கூட்டியாங்க. அதையும் என் தம்பி மடியில உக்கார வச்சே காது குத்திருவோம். சொந்தக்காரன் வந்தா ஊரக் கூட்டுது. வீட்டுக்காரனே களவாணியக் கூட்டியாந்தா காது கேக்க மாட்டேங்குது. ஓட்டை போட்டாலாச்சும் கேக்குதான்னு பாப்போம்.”