வாக்குச் சொன்ன கால்

1979-ஆம் வருஷத்துக் கோடையில் ஜவ்வாது மலையில் அதிகம் பேர் தரிசித்தது எந்தச் சாமியையும் அல்ல, ஒரு காலை. இடது கால். பெருவிரல் நகம் உடைந்து, குதிகாலில் பித்தவெடிப்பு விழுந்த, சாதாரண உழவன் கால்.

ஒடுகத்தூரிலிருந்து வந்தார்கள். திருப்பத்தூரிலிருந்து வந்தார்கள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஆறு மைல் மூச்சு வாங்க ஏறி, பாஞ்சாலையின் வீட்டு வாசலில் வரிசையில் நின்றார்கள். காணாமல் போன எருமை எந்தப் பக்கம் போனது, வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா, மருமகள் மருந்து வைத்தாளா வைக்கவில்லையா, எல்லாவற்றுக்கும் கால் பதில் சொன்னது. துள்ளினால் ஆமாம். சும்மா கிடந்தால் இல்லை. சட்டசபையில்கூட இவ்வளவு தெளிவாகப் பதில் வராது.

அந்தக் காலுக்கு மேலே ஓர் ஆளும் இருந்தான். பாஞ்சாலையின் புருஷன் சின்னராசு. அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மாசி மாதம் புளி உலுக்க மரம் ஏறியவன் அவன். கிளை முறிந்தது. கீழே பாறை இருந்தது. தொப்புளுக்கு மேலே எப்போதும் போல ஆள், கீழே இரண்டு வெட்டிப் போட்ட வாழைத்தண்டு. கிள்ளினாலும் தெரியவில்லை, மூத்திரம் போவதும் தெரியவில்லை.

"காலாட்டிச் சாமியக் கூப்ட்டா எழுந்து நடப்பான்" என்றார்கள். கூப்பிட்டார்கள். சாமியின் பெயர் ரங்கசாமி. ஜடாமுடி, இரண்டு கை நிறைய திருநீறு, இடது கட்டைவிரலில் மட்டும் ஓர் அங்குல நகம். வந்தவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"வுழுந்து எத்தினி நாளாச்சி?"

"எட்டு நாளு, சாமி."

"கிரகம் சரியில்ல. நாப்பது நாளு கழிச்சி வர்றேன்."

கிரகங்கள் சொன்னபடி நாற்பது நாளில் சரியாகிவிட்டன. சாமி வந்தான், பாதத்தில் திருநீற்றை அப்பினான், உள்ளங்காலைத் தடவி "ஏறு!" என்று கத்தினான். முழங்கால் மடங்கிச் சடாரென்று கால் மேலே இழுத்துக்கொண்டது. மாமியார் மாணிக்கம்மாள் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாள். பாஞ்சாலையும் விழுந்தாள். ஒன்றரை மாதத்துக்கு மேல் செத்துக் கிடந்த கால் துள்ளும்போது யார்தான் நின்றுகொண்டிருப்பார்கள்?

சாமி சட்டம் போட்டான். "உள்ளங்கால் வழியா உயிரு பூந்துகீது. மெள்ள மேல ஏறுது. நாப்பத்தெட்டு நாளு ஆளப் பொரட்டக் கூடாது, தூக்கக் கூடாது. அசைச்சீங்க, ஏறின உயிரு எறங்கிடும்."

பிறகு சாமி அங்கேயே தங்கினான். தினம் ஒரு சேவல், ஆழாக்குத் தேன், சாமைச் சோறு. உயிர் ஏறுகிறதோ இல்லையோ, சாமியின் தொப்பை ஏறியது. காலைச் சும்மா விடுவானேன் என்று வாக்குக் கேட்கவும் ஆரம்பித்தான். ஊர்க்கவுண்டர் முனிசாமி தன் வரப்புத் தகராறையே காலிடம் கொண்டுவந்தார். கால் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அன்றைக்குச் சாமிக்கு ஆட்டுக்கறி.

பாஞ்சாலை முழுசாகப் பதினோரு நாள் நம்பினாள். பன்னிரண்டாம் நாள் சின்னராசு கேட்டான்.

"ஏ பாஞ்சால, அந்த எருமை கெடைச்சிச்சாமே?"

"ஆமாங்க. மேற்கால போச்சின்னு உங்க காலுதான் சொல்லிச்சாம்."

"நான் இங்கியே படுத்துக்கினுகீறேன். எனுக்குத் தெரியாம என் காலுக்கு மட்டும் எப்டித் தெரிஞ்சிது?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் பாஞ்சாலைக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாமி தூங்கும்போது விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை உருவி, புருஷனின் உள்ளங்காலில் மெல்லக் கீறினாள். கால் துள்ளியது. திருநீறு இல்லை, மந்திரம் இல்லை, "ஏறு" இல்லை.

"இன்னா பண்ணின?" என்றாள் அவள்.

"நான் இன்னா பண்ணேன்? ஒண்ணும் பண்ணலியே" என்றான் அவன்.

அதற்குள் வீட்டில் ஒரு வாடை வர ஆரம்பித்திருந்தது. ஊதுபத்தியை மீறின வாடை. சாமி "உள்ள இருக்கிற கெட்டது வெளிய போவுது" என்றான். அவள் புருஷனின் இடுப்புக்குக் கீழே கைவிட்டுப் பார்த்தாள். ஈரமாக வந்தது கை.

மாதம் ஒருமுறை மலைக்கு வரும் அமலநாதனிடம் போய்ச் சொன்னாள். கணியம்பாடிப் பக்கத்துக்காரர், குஷ்டரோகத் தடுப்பு ஊழியர், ஊர் வைத்த பெயர் தேமல் சார். உடம்பில் தேமல் இருப்பவர்களைக் கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகால் தொட்டு, "எங்க தொட்டேன், வெரல் வெச்சிக் காட்டு" என்பார். காட்டாவிட்டால் மாத்திரை. மலையில் இந்தப் பரீட்சை எழுதாத ஆள் கிடையாது.

கேட்டதும் அவர் முகம் மாறியது. "முதுகெலும்புக்குள்ள சுண்டுவிரல் பருமன்ல ஒரு நரம்புக் கொத்து கீதும்மா. அதுல சில இழைங்க தொட்டது, சுட்டது, வலிச்சதுன்னு சேதிய மூளைக்கு மேல எடுத்துக்கினு போவும். சிலது நட, நில்லுன்னு மூளை சொல்ற உத்தரவைக் கீழ கொண்டுவரும். உன் வூட்டுக்காரருக்கு ரெண்டு வழியும் நடுவுல அறுந்துபோச்சி."

"அப்ப காலு எப்டி சார் துள்ளுது?"

"அடுப்புல கை பட்டா, சுட்டுச்சின்னு நீ நெனைக்கறதுக்கு முன்னாடியே கை வந்துடுது இல்ல? அந்த வேலைக்கு மூளை வேணாம். முதுகுத்தண்டே பாத்துக்கும். அறுந்த எடத்துக்குக் கீழ இருக்கிற துண்டு இன்னும் உயிரோட கீது. வுழுந்த புதுசுல அதுவும் அதிர்ச்சியில மரத்துப்போயிருக்கும். சில வாரத்துல முழிச்சிக்கும்."

நாற்பது நாள் கிரகத்தின் கணக்கு பாஞ்சாலைக்கு அப்போது விளங்கியது.

"அதுகூடப் பரவால்ல. நீயும் நானும் தூக்கத்துலயே பொரண்டு படுக்கறோம், அழுத்தற எடம் நோவறதால. அவருக்கு நோவாது. பொரட்டாம போட்டா சதை அழுகி எலும்பு வரைக்கும் போவும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. தள்ளிப்போட்டா அந்தப் புண்ணே ஆள முடிச்சிடும்."

கொண்டுபோவதென்றால் டோலி கட்ட வேண்டும். போர்வை இருந்தது, மூங்கில் இருந்தது. முறை மாற்றித் தூக்க எட்டுத் தோள் வேண்டும். ஒவ்வொரு வீடாய்ப் போய்க் கேட்டாள். "ஏறின உயிரு எறங்கிட்டா அந்தப் பாவம் எங்களுக்கா?" என்றார்கள். வரப்பு ஜெயித்த முனிசாமி கதவையே திறக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வாசலில் நல்ல கூட்டம். வழக்கம்போல முதலில் சேவல் அறுத்தார்கள். தலை ஒரு பக்கம் கிடக்க, சேவல் முற்றமெல்லாம் துள்ளியது. பாஞ்சாலை அதன் முன்னால் போய்க் கைகூப்பி நின்றாள்.

"சேவலு சாமி! இந்த வருசம் மழை வருமா?"

சேவல் படபடவென்று துள்ளியது.

"வருமாம்" என்றாள் கூட்டத்தைப் பார்த்து.

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "இன்னாடி வெளையாட்டு?" என்று மாணிக்கம்மாள் அதட்டினாள்.

"வெளையாட்டு இல்ல, அத்தே. தலையே இல்லாம இது துள்ளுது. அப்ப துள்றதெல்லாம் யோசனை பண்ணியா துள்ளுது?"

சாமி உறுமினான். "பொம்பள வாய மூடு! கால்ல தெய்வம் வந்துகீது!"

"வந்திருந்தா கால்காரருக்குத் தெரியணும் இல்ல?" அவள் புருஷனின் மார்புக்கு மேலே ஒரு சேலையைத் திரையாகக் கட்டினாள். சேவலின் இறகு ஒன்றை எடுத்தாள். தேமல் சாரின் பரீட்சை என்று எல்லோருக்கும் புரிந்தது. பாதத்தைத் தொட்டாள். "எங்க தொட்டேன்?"

"தொட்டியா?" என்றான் சின்னராசு.

முழங்கால். "இப்ப?"

"இன்னும் ஆரம்பிக்கலியா?"

தோள். "இங்க" என்று உடனே விரல் வைத்தான். அடுத்து விளக்குமாற்றுக் குச்சியால் உள்ளங்காலைக் கீறினாள். கால் திரைக்கு இந்தப் பக்கம் முழ உயரம் துள்ளியது. திரைக்கு அந்தப் பக்கம் அவன், "ஏ, சீக்கிரம் தொடு, கொசு கடிக்குது" என்றான்.

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. பாஞ்சாலை சாமியின் இடது கையைப் பிடித்துத் தூக்கித் திருநீற்றைத் துடைத்தாள். "இந்த நகத்தாலதான் நித்தம் கீறினான். இத்தினி நாளு பொரட்டாம வெச்சதுல நடந்ததப் பாருங்க." புருஷனைப் பக்கவாட்டில் புரட்டினாள். இடுப்புக்குக் கீழே உள்ளங்கையளவு குழி. சிரித்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

ஆனாலும் ஒருவரும் மூங்கிலைத் தொட வரவில்லை. பாதிப் பேர் சாமியைப் பார்த்தார்கள், பாதிப் பேர் காலைப் பார்த்தார்கள். "காலு இன்னா சொல்லுதுன்னு கேட்டுட்டா நல்லது" என்றார் முனிசாமி மெதுவாக.

பாஞ்சாலைக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்துக்கொள்ளவில்லை. குச்சியைக் கையில் எடுத்தாள்.

"காலே, இவன் திருட்டுச் சாமியா?"

கால் துள்ளியது.

"ஆள இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போவணுமா?"

கால் ஒன்றுக்கு இரண்டாகத் துள்ளியது.

"வாக்கு வந்துடுச்சி!" என்று கத்திக்கொண்டு எட்டு பேர் மூங்கிலுக்கு ஓடினார்கள். இறகு, குச்சி, புண், எதுவும் நகர்த்தாத கூட்டத்தைக் கால் நகர்த்தியது. ரங்கசாமி புளியந்தோப்பு வழியாக ஓடினான். நடக்க முடியாதவர்களை நடக்க வைக்கிறானோ இல்லையோ, ஓடுவதில் அவன் கெட்டிக்காரன். தப்புக் காரணத்துக்காகத்தான் தூக்குகிறார்கள் என்று பாஞ்சாலைக்குத் தெரியும். தோள் முதலில், பாடம் அப்புறம் என்று பேசாமல் பின்னால் நடந்தாள்.

கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் சாவியால் உள்ளங்காலைக் கீறிப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணம் கேட்ட ஆயா சொன்னாள்: "ரங்கசாமியா? இதே வார்டுல மலச்சட்டி எடுத்தவன். டாக்டர் கீறறத வாயப் பொளந்து பாத்துக்கினே நிப்பான்."

புண் ஆற ஐந்து மாதம் ஆனது. சின்னராசு நடக்கவில்லை, நடக்கவும் முடியாது என்று டாக்டர் நேராகச் சொன்னார். அவள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அவனைப் புரட்டினாள். நான்கு வருஷம் இருந்தான். கட்டிலில் உட்கார்ந்தபடி முறம் முடைந்தான், ஊரைக் கிண்டல் செய்தான். கடைசியில் சிறுநீரகம் கெட்டு, ஒரு மழைநாளில், பேசிக்கொண்டிருக்கும்போதே போனான்.

எடுக்க வந்தவர்களில் முனிசாமியும் இருந்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அன்னிக்கி நாப்பத்தெட்டு நாளும் முடிய வுட்டிருந்தா, இன்னிக்கி நடந்துக்கினு இருந்திருப்பான்."

பாஞ்சாலை அதுவரை அழுதுகொண்டிருந்தாள். அழுகையை நிறுத்தினாள்.

"மாமா, அவருக்கு நரம்பு அறுந்துபோச்சி. தலை சொன்னது காலுக்குப் போய்ச் சேரல. உங்களுக்குத்தான் ஒண்ணும் அறுந்துபோவலியே. ஒரு நாளாவது தலையக் கேட்டு நடந்தா இன்னா?"