பதினொரு மடங்கு விட்டமின்

எந்த ஊரில் போய் இறங்கினாலும் சரி, கூட்டத்தில் நின்று லேசாகத் தும்மிப் பாருங்கள். முதல் ஆளாக உங்கள் பக்கம் திரும்பி, "எத்தனை நாளா இருக்கு?" என்று கனிவோடு கேட்பவர் டாக்டரும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. அவர்தான் சாறாளர். எழுத்தாளர் எழுதுகிறார், பேச்சாளர் பேசுகிறார், சாறாளர் பிறருக்காகப் பிழிகிறார்.

இந்த இனத்தில் நன்றாக முற்றிய ஒருவர், ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஆறு மாடிக் கட்டடங்கள் நாலுக்கு அவர்தான் பொறுப்பு என்பதால், தப்பி ஓட வழியில்லாத சபை அவருக்குத் தினமும் கிடைத்துவிடும். கதவு மூடியதும் ஆரம்பிப்பார். முதல் மாடியில், முருங்கை இலைச் சாற்றில் ஆரஞ்சைப்போல நாலு மடங்கு விட்டமின் சி இருக்கும். மூன்றாம் மாடியில் ஏழு மடங்கு. ஆறாவதில் இறங்குகிறவருக்குப் பதினொரு மடங்கு. லிஃப்ட் கீழே வரும்போது குறையுமா என்றால், அதுதான் இல்லை. முருங்கையோடு கற்றாழை, இஞ்சி, மஞ்சள், இன்னும் ஏழெட்டு வேர்கள் எல்லாவற்றையும் அரைத்து, பிழிந்து, வடிகட்டி, ஜாம் பாட்டில்களில் அடைத்து, ஃப்ரிட்ஜில் பால் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக நிறுத்தியிருப்பார். குடித்தவருக்குக் காய்ச்சல் வரவில்லையென்றால் எதிர்ப்பு சக்தி ஏறிவிட்டது. வந்துவிட்டாலோ, எதிர்ப்பு சக்தி உள்ளே வேலையை ஆரம்பித்துவிட்டது. இவரை எப்படித் தோற்கடிப்பீர்கள்?

அவருக்கே மூக்கு ஒழுகும். அதற்குப் பெயர் சளி இல்லை, கழிவு நீக்கம்.

இதையெல்லாம் வாய் திறந்து குடித்து, வாய் திறக்காமல் இருந்தவள் அவர் மனைவி. காலையில் பச்சை, சாயங்காலம் பழுப்பு. ஒருநாள் விலாவுக்குக் கீழே வலி வந்தது. பழுப்பை இரண்டு வேளையாக்கினார் கணவர். வலியும் இரண்டு வேளையானது. கடைசியில் ஸ்கேன் எடுத்து, பித்தப்பையில் கல் என்று தெரிந்து, மூன்று மாதம் காத்திருந்து, ஆபரேஷனுக்கு ஒரு வியாழக்கிழமையும் வாங்கியாயிற்று. கூட இருக்கத் தங்கை லீவு போட்டுவிட்டாள். அந்த வியாழக்கிழமையை நினைத்துத்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நாளைத் தள்ளினாள்.

செவ்வாய்க்கிழமை, ஆபரேஷன் செய்யவிருந்த இளம் பெண் சர்ஜன் ஒரு படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டார்: "மாத்திரை, மருந்து, வேற ஏதாவது எடுத்துக்கிறீங்களாம்மா?"

நீங்கள் எதிர்பார்ப்பது தெரிகிறது. நாலு கட்டடத்தை மடக்கிய வாய். டாக்டரே கேட்கிறார். மடை திறக்குமா, இல்லையா?

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார் மெக்கானிக்.

மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தைப் பார்த்தார். இப்போது அவளும் பேசாமல் இருந்தால் வியாழக்கிழமை கைக்கு வந்துவிடும். ஆனால் கத்தி படப்போவது அவர் வயிற்றில் இல்லையே.

"இவர் தினமும் ரெண்டு சாறு தருவாருங்க. மூணு வருஷமா."

"என்ன சாறு?"

"சும்மா இலைதான் டாக்டர்" என்றார் அவர் அவசரமாக. "அதுல ஒண்ணும் இல்ல."

மூன்று வருஷக் கசப்பு அவள் தொண்டைக்கு ஏறியது. "ஒண்ணும் இல்லையா? ரத்தத்தையே தண்ணி மாதிரி ஓட வைக்கும்னு சொல்லித்தானே மூக்கைப் பிடிச்சு ஊத்தினீங்க?"

சர்ஜன் பேனாவை மூடினார். "சில செடிச் சாறு ரத்தம் உறையறதைத் தாமதமாக்கும். இதுல என்னென்ன இருக்குன்னு எழுதிக் குடுங்க. ரெண்டு வாரம் எல்லாத்தையும் நிறுத்துங்க. தேதியைத் தள்ளி வைக்கணும்."

வராந்தாவில் தங்கைக்கு போன் பண்ணிவிட்டு அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள், விலாவைப் பிடித்தபடி.

"மருந்துன்னுதானே கேட்டாங்க" என்றார் அவர் மெதுவாக. "இது மருந்தா என்ன?"

"அப்ப என்னன்னு இத்தனை நாள் குடுத்தீங்க?"

அவர் எழுத ஆரம்பித்தார். முருங்கை. கற்றாழை. இஞ்சி. மஞ்சள். பேனா அங்கேயே நின்றுவிட்டது. மற்ற வேரெல்லாம் யாரோ கொடுத்தது, பெயர்கூடத் தெரியாது.

சிரிக்கிறீர்கள். நீங்கள் சாறாளர் இல்லை. உங்களுடையது வெறும் பொடி, அதுவும் வெந்நீரில் அரை ஸ்பூன், அதுவும் வீட்டாருக்கு மட்டும். நல்லது. இன்று எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, டாக்டர் கேட்ட அதே கேள்வியை யாரையாவது உங்களிடம் கேட்கச் சொல்லுங்கள். "ஒண்ணும் இல்ல" என்று பதில் சொல்லுங்கள். எத்தனை பேர் உங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.