கடலைமிட்டாய் சாரின் பி.ஏ.

உதவி செய்ய வந்தவர்களை இவ்வளவு பாடாய்ப் படுத்திய மனிதர் இராமநாதபுரம் மாவட்டத்திலேயே கிடையாது. சாயல்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை தேடினாலும் கடலைமிட்டாய் சாருக்கு இணையாக இன்னொருவர் கிடைக்க மாட்டார். சொல்லும் விதத்தைப் பார்த்துப் பதறிவிடாதீர்கள். மனிதர் இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். ஊரை விட்டு வந்தவள் நான்தான்.

இராமநாதபுரம் ரயில்வே ஸ்டேஷனில் கடலைமிட்டாய் விற்பவர் அவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. தோளில் மிட்டாய்ப் பை, கையில் மடக்குக் குச்சி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா. "பேனா எதுக்கு சார்?" என்று நான் முதல் நாளே கேட்டுத் தொலைத்தேன். அவ்வளவு அறிவு எனக்கு. "எழுதத் தெரிஞ்சவுகள்ல பாதிப் பேரு பேனா இல்லாமத்தான் வாராக, தாயி" என்றார்.

அவர் ரோட்டோரம் ஆட்டோவுக்காக நின்றால் போதும், யாராவது ஒரு புண்ணியவான் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார். ஒருமுறை ஒரு கல்லூரிப் பையன் அப்படிச் செய்துவிட்டுப் பெருமையோடு நின்றான்.

"நல்லாருப்ப தம்பி. நான் எங்கன போறேன்னு கேட்டியா?"

"இல்லண்ணே."

"அப்ப எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வச்சிரு. ரெண்டு பாக்கெட்டு மிட்டாயும் வாங்கிக்க."

பையன் வாங்கினான். நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன், அந்தக் குரல் அப்படி. கண் தெரியாதவர்களுக்குக் காது கூர்மை என்று யாராவது ஆரம்பித்தால் இன்னும் மோசம். "எவன் சொன்னான்? எனக்கு இடது காது மந்தம். இந்தப் பக்கமா வந்து பேசு" என்பார்.

நான் அப்போது அங்கே பெண்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஹாஸ்டல் வாசம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று சேர்ந்திருந்தேன். வருடத்துக்கு இத்தனை மணி நேரம் சேவை செய்தே ஆக வேண்டும் என்று கணக்கு. மற்றவர்களுக்கு மரம் நடவும் கடற்கரையில் குப்பை பொறுக்கவும் வாய்த்தது. எங்கள் அறையிலிருந்த மூன்று பேருக்கு வாய்த்தது கடலைமிட்டாய் சார். அவர் அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தார். எல்லாத் தாளும் பாஸ். இடைக்கால இந்தியா என்ற ஒரே ஒரு தாள் மட்டும் ஆறு தடவையாக அவரைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. அதை வாசித்துக் காட்ட வேண்டும், பரீட்சையில் அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். அதுதான் எங்கள் சேவை.

போன முதல் நாளே எங்களுக்குத் தேர்வு வைத்தார். ரோஸி வாசித்தாள். இரக்கத்தில் அவளுக்குக் குரல் தழுதழுத்தது. அரை பக்கம் கேட்டுவிட்டு, "யாரும் தவறிட்டாகளா தாயி?" என்றார். ரோஸி அழுதுகொண்டே ஹாஸ்டலுக்குப் போனாள். அடுத்தவள் ஃபாத்திமா. சீக்கிரம் முடிக்கலாம் என்று நடுவில் ஒரு பத்தியைத் தாண்டிவிட்டாள். ஆறு வருடமாக அதே புத்தகத்தைக் கேட்டவரிடம் இந்த வேலை பலிக்குமா? "மூணாவது பத்தியக் காணோமே, பஸ்ல விட்டுட்டியா?" என்றார். அவளும் அழுதாள். மிஞ்சியது நான். எதை வாசித்தாலும் கரண்ட் பில் வாசிப்பது போலவே வாசிப்பேன். பள்ளியில் அதைக் குறையாகச் சொல்லிச் சொல்லி என்னைப் பேச்சுப் போட்டியிலேயே சேர்த்ததில்லை. அவர் அதற்காகவே என்னைத் தேர்ந்தெடுத்தார்.

சேவை மணி எழுதிய ஃபாரத்தில் கையெழுத்து கேட்டபோதும் சும்மா போடவில்லை. "ஒனக்கு நான் வரலாறு சொல்லித் தாரேன். அதுக்கு எனக்கு யாரு ஃபாரம் தருவா?" என்றார். கடைசியில் ஒரு வெள்ளைத்தாளில், 'இந்த மாதம் இன்னாரிடமிருந்து இருபது மணி நேரம் வரலாறு கற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் என் ஃபாரத்தில் போட்டார்.

வகுப்பு தினமும் சாயங்காலம் இரண்டு ரயில்களுக்கு நடுவில், முதல் பிளாட்பார பெஞ்சில் நடக்கும். பக்கத்திலேயே டீ விற்கும் சுலைமான் பாய். எதிரே பூக்கூடையோடு முத்தக்கா. அவர்களுக்கும் வேறு பொழுதுபோக்கு கிடையாது. ஆறே மாதத்தில் இருவருக்கும் இடைக்கால இந்தியா மனப்பாடம் ஆகிவிட்டது. பாய் டீ ஆற்றிக்கொண்டே சுல்தான்களை வரிசையாகச் சொல்வார். சாருக்கு மட்டும் ஒரு இடத்தில் தட்டும். பானிபட்டில் நடந்த மூன்று போர்களில் முதலாவது 1526, இரண்டாவது 1556. சாருக்கு அது எப்போதும் இடம் மாறும்.

"அம்பத்தாறு ரெண்டாவது சண்டைண்ணே. மொதச் சண்டை இருவத்தாறு" என்பார் முத்தக்கா, பூக் கட்டுவதை நிறுத்தாமலேயே.

"மூணு சண்டையையும் ஒரே ஊர்லயா போய்ப் போடுவானுக? வேற எடமா இல்ல?" என்று சார் கோபித்துக்கொள்வார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

இந்த வயதில் எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மகள் செல்விக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. ஜவுளிக்கடையில் பில் போடும் பெண். மாப்பிள்ளை எலக்ட்ரீஷியன், தங்கமான பையன். சம்பந்தியோ சாயல்குடியில் ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார், எம்.ஏ., பி.எட்., எம்.ஃபில். சொந்த மகனையே வரலாற்றில் பெயிலாக்கிய பெருமை அவருக்கு உண்டு. நம் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகை உங்களுக்குத் தெரியாததா? தாத்தா, மாமா, அத்தை மகன் வரை எல்லோர் பெயருக்குப் பின்னாலும் படிப்பு இருந்தாக வேண்டும். டைப்ரைட்டிங் லோயர் பாஸானவர்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்.

"அந்தப் பக்கம் பேருக்குப் பின்னால ரயிலு மாதிரி ஓடுது தாயி. எம் புள்ளையப் பெத்தவன் பேரு மட்டும் மொட்டையா நிக்கக் கூடாது" என்றார்.

செல்வி சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் சொல்லிப் பார்ப்பாள். "அய்யா, ஒங்க பேரு இருந்தாப் போதும்யா."

"பேரு எல்லாருக்குந்தான் இருக்கு. நீ போ."

பரீட்சை வந்தது. எங்கள் இருவருக்கும் தனி அறை, ஒரு மேற்பார்வையாளர். சார் எனக்குச் சொன்ன விதிமுறைகள் கேள்வித்தாளை விட நீளம். "நான் சொல்றத எழுது. சொல்லாதத எழுதாத. தலைப்புக்கு அடியில ஸ்கேல் வச்சுக் கோடு போடு." எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. இரண்டு மார்க் கேள்வி ஒன்றில் முதலாம் பானிபட் போர் எந்த ஆண்டு என்று கேட்டிருந்தார்கள். சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, முழு நம்பிக்கையோடு, "ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தாறு" என்றார்.

என் பேனா நின்றது. மேற்பார்வையாளர் ஜன்னல் வழியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு எண்தானே, ஏழாவது தடவையும் இவரைத் தள்ளிவிடலாமா என்று தோன்றியது. 1526 என்று எழுதிவிட்டேன். அவ்வளவு நல்ல காரியம் செய்ததாக நினைப்பு.

சாயங்காலம் பிளாட்பாரத்தில் விடைகளையெல்லாம் ஒப்பித்தார். ஐம்பத்தாறு என்றதும் பாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "போச்சு. இத்தனை நாளு கத்துனது வீணாப் போச்சே." சார் விரல் விட்டு மார்க்கைக் கூட்டிப் பார்த்தார். "ரெண்டு மார்க்குல போகும்போல" என்றார். டீயைக் குடித்துவிட்டு ஹாஸ்டலுக்கு நடையைக் கட்டினேன்.

ரிசல்ட் வந்தது. பாஸ். பாஸ் மார்க்குக்கு ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஸ்டேஷனே திருவிழாவாகிவிட்டது. பாய் எல்லோருக்கும் டீ கொடுத்தார். முத்தக்கா விற்க வைத்திருந்த மாலையை எடுத்து சார் கழுத்தில் போட்டார். ராமேஸ்வரம் ரயிலில் வந்த யாத்ரீகர்கள் யாரோ கட்சிக்காரர் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பெயருக்குப் பின்னால் பி.ஏ. போடச் சொல்லி அச்சகத்துக்குத் தகவல் போனது.

மூன்று நாள் கழித்து என்னை வலது பக்கம் உட்காரச் சொன்னார். நல்ல காது பக்கம் உட்காரச் சொன்னால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"கணக்கு இடிக்குது தாயி. ரெண்டு மார்க் எங்கிருந்து வந்துச்சு?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வரவில்லை. "இருவத்தாறுன்னு மாத்தி எழுதிட்டேன் சார்" என்றேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. குச்சியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். "ஒன் கண்ணத்தான கேட்டேன். ஒன் மூளைய யாரு கேட்டா? இப்ப இந்தப் பட்டம் யாரோடது? எந்த மொகத்த வச்சுக்கிட்டு அதப் பத்திரிகைல போட?" என்றார். அழக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். முடியவில்லை. எங்கள் அறையின் மூன்றாவது ஆளும் அழுதாயிற்று.

அங்கேயே பாயின் போனில் அச்சகத்தைக் கூப்பிட்டு அச்சை நிறுத்தச் சொன்னார். அடுத்து படிப்பு மையத்தைக் கூப்பிட்டு இரண்டு மார்க்கைக் குறைக்கச் சொன்னார். அந்தப் பக்கம் இருந்த கிளார்க் பாவம். "சார், கூட்டிப் போடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். குறைக்கச் சொல்ல ஃபாரமே கிடையாது சார்" என்று கெஞ்சினார். பாஸானவர் திரும்ப எழுதவும் முடியாதாம். மூன்றாவதாக சம்பந்தியைக் கூப்பிட்டு நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, தன் பெயரை மொட்டையாகவே போட்டுவிடலாம் என்றார்.

சாயல்குடி வாத்தியார் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்பீக்கரில் குரல் வந்தது. "ஞாயித்துக்கிழமை வாரேன். நானே கேள்வித்தாள் போட்டு எடுத்தாரேன். மறுபடி எழுதுங்க. பாஸானாப் போடுவோம், ஆகாட்டி வேணாம். சம்பந்தம் வேற, வரலாறு வேற."

கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் யாராவது இப்படிப் பேசுவார்களா? சாப்பாடு கொண்டுவந்திருந்த செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள். சாருக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை சொன்னபடியே பஸ் ஏறி வந்தார் வாத்தியார். கையில் அரக்கு வைத்து ஒட்டிய கவர். அதே பிளாட்பார பெஞ்சில் மூன்று மணி நேரப் பரீட்சை. நேரம் பார்ப்பது பாய். என்னைப் பார்ப்பது முத்தக்கா. நான் மறுபடி ஏதாவது கைவரிசை காட்டுவேனோ என்று என் தோளோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டார். நடுவில் மதுரை ரயில் வந்தது. மிட்டாய் கேட்டவர்களிடம், "பரீட்சைல இருக்கேன், பாய்கிட்ட வாங்கிக்கங்க" என்றார் சார். பாய் ஒரு கையில் டீயும் மறு கையில் கடலைமிட்டாயுமாக ஓடினார்.

ஐந்தாவது கேள்வி. முதலாம் பானிபட் போர் நடந்த ஆண்டு எது? வாத்தியார் வேண்டுமென்றே வைத்திருந்தார்.

சார் யோசித்தார். பாய் வாய் தவறிச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். முத்தக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். "ஆயிரத்து ஐந்நூற்று…" என்று இழுத்து, "ஐம்பத்தாறு" என்றார் சார்.

ஐம்பத்தாறு என்றே எழுதினேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் எழுதியதில்லை.

வாத்தியார் அங்கேயே சிவப்புப் பேனாவை எடுத்தார். ஐம்பத்தாறைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டார். கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கிறது என்று இரண்டு மார்க் குறைத்தார், அது என் பங்கு. கூட்டினார். நம்பாமல் இன்னொரு தடவை கூட்டினார். செல்வி தகப்பனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாஸ் மார்க்குக்கு மேல மூணு" என்றார் வாத்தியார். பிறகு எழுந்து நின்று, சாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பி.ஏ. போட்டுக்கங்க சம்பந்தி. நிலவரி முறையப் பத்தி என் மாணவன் ஒருத்தன்கூட இப்படி எழுதுனதில்ல."

சார் பையிலிருந்து ஒரு பாக்கெட் மிட்டாயை எடுத்து அவரிடம் நீட்டினார், காசு கேட்கவில்லை. நான் பார்த்து அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் அச்சகத்திலிருந்து பத்திரிகைக் கட்டு வந்தது. மஞ்சள் தடவிய முதல் பத்திரிகையை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவர் பெயர் வந்த வரியில் நிறுத்தச் சொன்னார். "அத மட்டும் இன்னொருக்கா வாசி தாயி." வாசித்தேன். "இன்னொருக்கா." ராமேஸ்வரம் ரயில் வந்து போனது. ஒரு பாக்கெட்டும் விற்கவில்லை, அவர் எழுந்திருக்கவும் இல்லை. பதினோரு தடவை வாசிக்கச் சொன்னார். பன்னிரண்டாவது தடவை அவர் கேட்கவில்லை, நானாகத்தான் வாசித்தேன்.