மீன்குஞ்சுகளை முன்னிட்டு மருமகனுக்கு

சண்டிலிப்பாய்,
ஆவணி, 1936.

மலாயாவில் ஈப்போ றெயில்வேக் கந்தோரில் உத்தியோகம் பார்க்கும் அன்புள்ள மருமகன் தில்லைநாதன் அவர்களுக்கு, மாமன் முத்துக்குமாரு எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் நாங்களும், உம்முடைய மனைவி ஞானாம்பிகையும், குழந்தையும் சுகம். உமது சுகத்தையும் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

தாயையும் பிள்ளையையும் அடுத்த கப்பலில் உம்மிடம் அனுப்பும்படி எழுதியிருந்தீர். அதற்குப் பதில் சொல்ல முன்னம் மீன்களைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. சிரிக்க வேண்டாம்.

நீர் போகும்போது அவளுக்குப் பொழுதுபோக என்று வைத்துவிட்டுப் போன கண்ணாடித் தொட்டியில், அந்த வர்ண வால் மீன்களில் ஒன்று வயிறு ஊதிக்கொண்டு திரிந்தது. மச்சம் சமையாத வீட்டில் மீனைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? முட்டைதான் போடும் என்று நான் அடித்துச் சொன்னேன். அது என் பேச்சைக் கேளாமல் ஒருநாள் காலமை உயிரோடு குஞ்சுகளாகவே போட்டது, கண்ணும் வாலும் மட்டும். உம்முடைய மாமிக்குப் பிடிபடாத சந்தோசம். மகளுடைய பிள்ளைப்பேற்றுக்கு என்ன செய்தாளோ அவ்வளவும் மீனுக்கும் செய்தாள். காற்றுப் படாமல் தொட்டியைச் சீலையால் மூடினாள். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியுமட்டும் ஆம்பிளையள் கிட்டப் போகக்கூடாது என்று ஆண் மீன்களைப் பிடித்து வாளியில் விட்டாள். தாயும் பிள்ளைகளும் சீலைக்குள்ளே இருக்க, இவள் வெளியே காவல். கடைசியில் ஞானாம்பிகைதான் சீலையை விலக்கிப் பார்த்துக் கத்தினாள்.

"ஐயோ ஐயா, ஓடி வாங்கோ! தாய் குஞ்சுகளைத் தின்னுது!"

நான் தாயை அள்ளப் போனேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பச்சை உடம்புக்காரியைப் பிள்ளையளிட்டை இருந்து பிரிக்கிறியளோ? பாவமப்பா!"

"பிரிக்காட்டில் பிள்ளை ஒண்டும் மிஞ்சாது. விடப்பா கையை!"

தாயை வாளிக்கு மாற்றினேன். கேணியில் பாசி அள்ளி வந்து, குஞ்சுகள் ஒளித்துக்கொள்ளத் தொட்டியில் மிதக்கவிட்டேன். அதுவரைக்கும் என் புத்தியில் பழுதில்லை. பிறகு, குஞ்சுகள் மெலிந்து கிடக்கின்றன என்று மாமி குரக்கன் மாவைக் கைநிறைய அள்ளிப் போட்டாள். பேரன் என்றாலும் அவளுக்கு அப்படித்தான், ஊட்டத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. தண்ணீர் புளித்த கூழாகி நாறியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவ்வளவையும் மாற்றி, கிணற்றில் அப்போதுதான் அள்ளின குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாக நிரப்பினேன். நல்ல தண்ணீர், எங்கடை தண்ணீர், நான் பிறந்ததிலிருந்து குடிக்கிற தண்ணீர். குஞ்சுகள் ஒரு பக்கம் சரிந்து அடியில் போய்க் கிடந்தன. ஒன்றும் அசையவில்லை. ஞானாம்பிகை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகைதான் வந்தது. புகையிலைக்குத் தண்ணீர் கட்டவேண்டும் என்று சொல்லி வெளிக்கிட்டுவிட்டேன்.

மருமகன், இதைத்தான் சொல்ல வந்தேன். பிறந்து கொஞ்சக் காலமேயான உயிருக்குத் தண்ணீர் மாறக்கூடாது. ஈப்போத் தண்ணீர் என்ன தண்ணீரோ, ஆர் கண்டது? ஒரே மகளைப் பிரிய மனமில்லாமல் மாமன் மறிக்கிறான் என்று நீர் நினைக்கக்கூடாது. பேரனுக்குப் பல்லு முளைக்கட்டும், நடக்கட்டும், ஏடு தொடக்கட்டும், பிறகு பார்ப்போம். அதுவரைக்கும் நீர் லீவு எடுத்து வந்து போகலாம். இதில் எனக்கென்று ஓர் ஆசையும் இல்லை.

மாமியும் உமக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். நோய் நொடியில்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லாயிரும்.

இப்படிக்கு,
உமது நன்மையையே விரும்பும் மாமன்,
முத்துக்குமாரு

பி.கு.: உறையை ஒட்ட முன்னம் இதை ஞானாம்பிகைக்கு வாசித்துக் காட்டினேன். அவள் என்னைக் குசினிக்குள் அடுப்படிக்குக் கூட்டிப்போய் ஒரு கண்ணாடிக் கோப்பையைக் காட்டினாள். அதற்குள் குஞ்சுகள் ஓடித்திரிகின்றன!

"நீங்கள் தண்ணி மாத்தேக்கை கொஞ்சத்தைப் பழைய தண்ணியோடை அள்ளி வைச்சனான் ஐயா. பிறகு கிணத்துத் தண்ணியை ஒவ்வொரு சிரட்டையா விட்டனான். ஆறுதலா மாத்தினால் அதுகளுக்கு ஒண்டும் செய்யாது."

"அப்ப ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் திருப்பியும் மாத்துவியள்."

பிறகு என் முகத்தைப் பாராமல் சொன்னாள்: "நான் போறன் ஐயா. அவர் அங்கை தனிய."

ஓம் என்று சொல்லிவிட்டேன். மேலே எழுதினதைத் திருப்பி எழுத வேறு தாள் இல்லை, நீரே அடித்துவிட்டு வாசியும். பேரனுக்கு எந்தத் தண்ணீரும் ஒத்துக்கொள்ளும். அவர்கள் இல்லாத வீடுதான் எனக்கு ஒத்துக்கொள்ளாது. கப்பலுக்குப் பதிந்துவிடும்.