நடுநிலைவாதி சொன்ன ஹோட்டல்

"அந்த ஹோட்டல் வேணாங்க. நடுநிலைவாதி நல்லா இல்லைன்னு எழுதியிருக்கார்."

மாஸ்டரின் கட்டைவிரல் செல்போனுக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. இன்னும் ஒரே ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் தலைநகரத்தில் அறை பதிவாகியிருக்கும். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டுமாகப் போகிற முதல் பயணம். இரண்டு பேருமே அந்த ஊரைப் பார்த்ததில்லை. மண்டையை உடைத்துக்கொண்டு அவர் தேடிப் பிடித்த ஹோட்டலை, முகம் தெரியாத எவனோ ஒருவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கவிழ்த்துவிட்டான்.

"என்னவாம் அவனுக்கு?"

"லிஃப்ட் இல்லையாம். இருங்க, படிக்கிறேன். 'நாற்பதைத் தாண்டிய பெண்களின் முழங்காலைப் பற்றி நினைத்தே பார்க்காமல் இங்கே அறை எடுக்கும் கணவன்மாரை என்ன சொல்வது?'"

படித்துவிட்டு மனைவி லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் மாஸ்டருக்கு ஆகவில்லை. தன் பெண்டாட்டியின் முழங்காலைப் பற்றிக் கவலைப்பட ஊரில் இன்னொரு ஆண்பிள்ளை எதற்கு என்று கேட்டார். உங்களுக்குத் தோணலை, அவருக்குத் தோணியிருக்கு என்று பதில் வந்தது.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பாதி ஊருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். அவருடைய காரில் அவர் காலுக்கும் தனியாக ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவர் எவ்வளவு ஒழுங்காக ஓட்டினாலும் நடுவில் ஒரு மிதி மிதிக்காவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. வீட்டிலும் அதே பழக்கம்தான். மனைவி பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். பகலெல்லாம் போனில் ஊர் ஜனத்துக்கே வழி சொல்லிவிட்டு வருவாள். வீட்டில் அவள் வாயைத் திறந்தால் மட்டும் மாஸ்டர் பிரேக்கை மிதித்துவிடுவார்.

நடுநிலைவாதி என்பது, ஹோட்டல், கடை, டாக்டர் என்று எல்லாவற்றுக்கும் ஜனங்கள் கருத்து எழுதும் ஓர் இணையதளத்தில் ஒரு ஆசாமியின் புனைபெயர். உண்மையைச் சொல்வதானால் அந்த ஆசாமியை முதலில் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவரே மாஸ்டர்தான். பழைய மெத்தைக்கு என்ன குறைச்சல் என்று மனைவியிடம் வருஷக்கணக்கில் வாதாடியவர், நடுநிலைவாதி எழுதியதைப் படித்த மறுநாளே புது மெத்தையோடு வந்து இறங்கினார். மிக்சி அவன் சொன்னது. குழாய் ரிப்பேருக்கு வருகிற ஆள் அவன் சொன்ன ஆள். "பேசினா இவனை மாதிரிப் பேசணும்" என்று மனைவிக்கே எடுத்துக்காட்டியிருக்கிறார்.

இப்போது அவனே பெண்டாட்டியின் முழங்கால் வரைக்கும் வந்து நிற்கிறான்.

"அந்தாளுக்கு என்ன வயசு இருக்கும்?" என்று சாப்பிடும்போது சும்மா கேட்கிற மாதிரி கேட்டார்.

"அம்பதுக்குள்ளதான் இருக்கும்."

"கல்யாணம் ஆனவனா?"

"ஆகியிருக்கும்ங்க. அந்தப் பொறுமை எழுத்துல தெரியுதே."

மறுநாள் காலையில் புதிதாகக் கற்றுக்கொள்ள வந்த பேங்க் அதிகாரி காலியான ரோட்டில் அழகாகப் போய்க்கொண்டிருந்தபோது, 'பொறுமை' என்ற வார்த்தை ஞாபகத்துக்கு வந்து மாஸ்டர் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். பின்னால் வந்த பால் வண்டிக்காரன் இறங்கி வந்து அதிகாரியைத் திட்டிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலமே வேறு ஹோட்டல் பார்த்தார். லிஃப்ட் இருக்கிற ஹோட்டல். மனைவியிடம் பெருமையாகக் காட்டினார். விடிந்து பார்த்தால் அதைப் பற்றியும் நடுநிலைவாதி எழுதியிருந்தான். போன் போட்டு விசாரித்தானாம், லிஃப்ட் பழுதாகி ரொம்ப நாளாகிறதாம், அதில் துவைத்த துணிகளைப் போட்டு வைத்திருக்கிறார்களாம். மாஸ்டர் மூன்றாவதாக ஒன்றைப் பிடித்தார். அதற்கு மறுநாளே, 'பக்கத்தில் இரும்புப் பட்டறை' என்று வந்துவிட்டது. இந்தப் படுபாவி நம் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து ஒட்டுக் கேட்கிறானா என்று மாஸ்டருக்குச் சந்தேகம் வந்து, எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். புழுங்குகிறது என்று மனைவி திரும்பத் திறந்தாள்.

நடுநிலைவாதிக்குப் பிடித்த ஹோட்டல் என்று ஒன்று இருந்தது. பேசாமல் அதற்கே போகலாம் என்று மனைவி சொன்னாள். மாஸ்டர் அதற்குத் தன் பிணம்தான் போகும் என்றார். அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தார். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். அதே இணையதளத்தில் தானும் ஒரு பெயரில் புகுந்தார். போன் போட்டு எழுதுகிற பயலுக்கு உறைக்கட்டும் என்று 'நேரில் கண்டவன்' என்று பெயர் வைத்துக்கொண்டார். படத்தில் வாசல் நன்றாக இருந்த ஒரு ஹோட்டலைப் பிடித்து, கற்பனைக்கு எட்டிய மட்டும் புகழ்ந்து தள்ளினார்.

நடுநிலைவாதி சும்மா விடுவானா? அடியிலேயே கேள்வி போட்டான். 'ஐயா, அறையின் ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும்?'

'குளம்' என்று எழுதினார் மாஸ்டர்.

'குளத்தில் என்ன இருக்கிறது?'

மாஸ்டர் கழிப்பறையில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்து, 'வாத்து. சில சமயம் குஞ்சுகளோடு வரும்' என்று எழுதினார்.

அதற்குமேல் நடுநிலைவாதி வாயைத் திறக்கவில்லை. மாஸ்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கூடத்தில் மனைவி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் மாஸ்டர் ரொம்ப நாளாகப் பார்க்காத ஒரு குழைவு.

"நேரில் கண்டவன்னு ஒருத்தர் புதுசா எழுதறார்ங்க. எவ்வளவு ரசனை. வாத்துக் குஞ்சைக்கூட கவனிச்சிருக்கார். நான் முடியை வெட்டிக்கிட்டு வந்து ஒரு வாரமாச்சு, நீங்க கவனிச்சீங்களா?"

மாஸ்டர் அப்போதுதான் கவனித்தார். தோளுக்குக் கீழே தொங்கிய முடி கழுத்தோடு நின்றிருந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை இப்போது சொன்னால் எடுபடாது.

"இவன் சுத்த டூப்பா இருப்பான்" என்று தன்னைத்தானே ஒரு போடு போட்டுப் பார்த்தார்.

"சும்மா இருங்க. உங்களுக்கு யாரையும் பிடிக்காது. நடுநிலைவாதிக்கு அறிவு இருக்கு, இவருக்கு மனசு இருக்கு. நாம அங்கேயே போலாம். எனக்கு வாத்து பாக்கணும்."

ஒருவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மாஸ்டருக்கு இப்போது இரண்டு பேர் ஆயிற்று. இரண்டாமவன் தானே என்பதில் ஆறுதல் கிடைக்கவில்லை. சொல்லப்போனால் அவன்மேல்தான் கோபம் அதிகமாக வந்தது. இந்தப் பேச்செல்லாம் இத்தனை வருஷம் எங்கே ஒளித்து வைத்திருந்தான் அந்த ராஸ்கல்? உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் வாத்து போய்விடும், குழைவும் போய்விடும். அறையைப் பதிவு செய்தார்.

தலைநகரத்தில் டாக்சிக்காரர் ஒரு டயர் கடைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஹோட்டல் கடைக்கு மேலே. லிஃப்ட் கிடையாது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாஸ்டர் ஏற, பின்னால் மனைவி கைப்பிடியைப் பிடித்து முழங்காலைத் தடவித் தடவி ஏறினாள். அறைக்குள் நுழைந்ததும் நேரே போய் ஜன்னலைத் திறந்தாள். கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர் நின்றது.

"குளம் எங்கேங்க?"

"வெயில் காலம். வத்தியிருக்கும்."

"வாத்து?"

"குளமே வத்தினப்புறம் வாத்துக்கு இங்க என்ன வேலை?"

கைகழுவலாம் என்று மாஸ்டர் குழாயைத் திருகினார். குழாய் கையோடு வந்துவிட்டது. பீய்ச்சி அடித்த தண்ணீரில் பயணத்துக்கென்று தைத்த புதுச் சட்டை தொப்பலாக நனைந்தது. துண்டை எடுத்துக் குழாயை அடைத்துக்கொண்டு நிற்கையில், வாசலில் பெட்டி உருளும் சத்தம் கேட்டது. மனைவி கிளம்பிவிட்டாள்.

நடுநிலைவாதியின் ஹோட்டல் அடுத்த தெருவில்தான் இருந்தது. யாரிடமும் வழி கேட்காமல் அவள் விறுவிறுவென்று நடந்தாள். சட்டையைப் பிழிந்தபடி மாஸ்டர் பின்னால் ஓடினார். வாசலில் நிழல் இருந்தது. உட்கார நாற்காலி இருந்தது. லிஃப்ட் இருந்தது, அதுவும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குறையாவது கண்ணில் படாதா என்று மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். படவில்லை. தன் பெண்டாட்டிக்கு எது பிடிக்கும் என்று இருபத்தைந்து வருஷம் கூட இருந்த தனக்குத் தெரியவில்லை, எங்கேயோ இருக்கிற ஒருத்தனுக்குத் தெரிந்திருக்கிறது.

நேரே வரவேற்பு மேசைக்குப் போனார். அங்கே இருந்த பெண், சொட்டச் சொட்ட நிற்கிற ஆளைப் பார்த்துத் திகைத்து எழுந்தாள்.

"நடுநிலைவாதின்னு ஒருத்தன் உங்க ஹோட்டலைப் பத்தி எழுதறானே, அவன் இங்க வருவானாம்மா? அவன் எந்த ஊரு, என்ன வேலை பாக்கறான், எனக்குத் தெரிஞ்சாகணும்."

பின்னாலிருந்து மனைவி அவசரமாகக் குறுக்கிட்டாள். "அதெல்லாம் எதுக்கு? அமைதியா ஒரு ரூம் குடும்மா. லிஃப்ட்டை ஒட்டி மட்டும் வேணாம்."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. மாஸ்டரை விட்டுவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"மேடம், குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு, தினம் போன் பண்ற நடுநிலைவாதி நீங்கதானே. அப்போ, வீட்டுல நான் சொன்னா எடுபடாது, அதையே ஒரு ஆம்பளை எழுதினா ஓடிப்போய் வாங்கிட்டு வருவார்னு சொன்னீங்களே, அந்த சார் இவர்தானா?"