பாதித் தேசிக்காய் அளவு நெளிவு

சேசு மரி சூசை

பாலையூற்று,
திருக்கோணமலை.
29.04.1974

அன்புக்கும் மரியாதைக்கும், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மச்சான் பஸ்தியாம்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் தங்கை றோஸின் புருஷன் யேசுரட்ணம் எழுதிக்கொள்வது. மாதாவின் புண்ணியத்தில் இங்கே நானும் றோஸும் சுகம். உங்கள் மோட்டார் சைக்கிளும் சுகம். அதை ஏன் முதல் வரியிலேயே எழுதுகிறேன் என்று நீங்கள் யோசிக்க வேண்டாம், விசேஷமாக ஒன்றுமில்லை. பதுளையில் குளிர் எப்படி? தபால் கந்தோரில் உங்களுக்குப் பிரியாவிடை வைக்கிறார்களாமே, பூமாலை போடுவார்களா? போட்டால் கழுத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள், பூச்சி கடிக்கும்.

பென்சன் எடுத்துக்கொண்டு ஜூன் முதலாம் திகதி ஊருக்கு வந்துவிடுவதாகவும், வந்த அன்று பின்னேரமே மோட்டார் சைக்கிளில் ஏறிச் சேமக்காலைக்குப் போய் எல்சியக்காவின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தப் போவதாகவும் நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. நான் வாசித்தேன். றோஸ் வாசித்தாள். பிறகு இரண்டு பேரும் வண்டி நிற்கிற கொட்டில் பக்கம் பார்த்தோம். உங்கள் துணை எல்சியக்கா கண்ணை மூடி ஆறு வருஷமாகியும், அவர் இருந்து வந்த அந்தப் பின்சீற்றில் ஒரு சாமான் வைக்கக்கூட நீங்கள் யாரையும் விட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். மாற்றலாகிப் போனபோது உங்கள் கைப்பட எழுதித் தந்த தாள் இன்னும் சுவரில் தொங்குகிறது: "வாரத்துக்கு ஒருமுறை ஸ்ராட் செய்து ஐந்து நிமிஷம் ஓடவிடவும். துடைத்துத் துணியால் மூடவும். ஏறக்கூடாது." மச்சான், ஓடவிடவும் என்று எழுதியது நீங்கள்தான். எஞ்சின் மட்டும் ஓட வேண்டும், சில்லு ஓடக்கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை.

இந்த மாதம் பதினெட்டாம் திகதி, வியாழக்கிழமை, பின்னேரம் நாலு மணி. றோஸ் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் உங்கள் கட்டளைப்படி ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பக்கத்து வீட்டுக் கமலேஸ்வரி வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "அண்ணை, சங்கக்கடைக்கு மா வந்திட்டுதாம், ஓடுங்கோ, ஓடுங்கோ!" என்று கத்தினாள். இந்தப் பஞ்ச காலத்தில் கோதுமை மா வந்தது என்றால் சும்மா கதையா? இரண்டு ஓட்டமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. நான் ஏறிவிட்டேன். என்னை ஏசுவதென்றால் இந்த இடத்தில் ஏசிவிட்டு மேலே வாசியுங்கள்.

சேமக்காலை மதிலோடு ஒரு வளைவு இருக்கிறதல்லவா, அதற்குக் கொஞ்சம் முன்னால் பின்சீற்றின் ஸ்பிறிங் கிறீச்சென்றது. வண்டி பின்னுக்குப் பதிந்தது. பெண்கள் ஒருபக்கமாக ஏறி இருந்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கும், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அப்படித்தான் இழுத்தது. வெயில் சுள்ளென்று எரிகிறது, வீதியில் ஒரு நாய்கூட இல்லை. எல்சியக்கா கைலேஞ்சியில் தெளிக்கிற ஓடிக்கொலோன் மணத்தது. காதுக்குக் கிட்ட, "தம்பி, மெள்ள" என்று ஒரு குரல். பழக்கதோஷம் மச்சான், "ஓம் அக்கா" என்று சொல்லிக்கொண்டே பிறேக்கை அமத்தினேன். சரளைக் கல்லில் சறுக்கி, வண்டியும் நானும் இடப்பக்கம் படுத்துவிட்டோம். படுத்த கையோடு வளைவுக்குள்ளிருந்து விறகு லொறி ஒன்று, ஹோனும் அடிக்காமல், நான் போயிருக்க வேண்டிய பக்கத்தால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. எனக்கு முழங்கையில் தோல் மட்டும் போனது. வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். வழி முழுக்க வண்டி ஆளிருக்கிற பாரம் பாரித்தது. எங்கள் படலைக்குள் ஏறியதும் சட்டென்று இலேசாகிவிட்டது.

முப்பது வருஷம் துறைமுகக் களஞ்சியத்தில் இருந்தவன் நான். பட்டியலில் இல்லாத சாமான் உலகத்தில் இல்லை என்று நம்புகிறவன். பேய், பிசாசுக் கதை என்னிடம் எடுபடாது. ஆகவே சேதத்தை ஒழுங்காக எழுதுகிறேன். இடப்பக்கக் கால்மிதி கொஞ்சம் வளைவு, அது நிமிர்த்தியாயிற்று. மட்காட்டில் சிராய்ப்பு, தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்ததில் மறைந்துவிட்டது. பெற்றோல் தாங்கியில் இடப்பக்கம் ஊறுகாய்க்கு வெட்டிய பாதித் தேசிக்காய் அளவில் ஒரு நெளிவு, அதன் குறுக்கே நாலு அங்குல நீளத்துக்குக் கீறல், மெறூன் நிறம் போய்த் தகரம் தெரிகிறது. ஓட்டத்துக்கு ஒரு பிழையும் இல்லை. எல்லாம் பார்வைக்குத்தான். ஆனால் பார்க்கப் போகிறவர் நீங்கள்.

றோஸ் கோயிலால் வந்து அதைக் கண்டாள். "எல்சி மச்சாளின்ர குடையைத் துலைச்சதுக்கு அண்ணை மூண்டு வருஷம் எங்களோட கதைக்கேல்லை. குடைக்கே மூண்டு வருஷம் எண்டா இதுக்கு எத்தினை வருஷம்? அண்ணையை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்?" என்று அழுதாள். அந்தக் கறுப்புக் குடை, கிளிமூக்குப் பிடியோடு, அறுபத்தோராம் ஆண்டு என் கையால் தொலைந்தது உண்மைதான். பஸ்ஸில் விட்டேனா கச்சேரிக் கந்தோரில் விட்டேனா என்று இன்றைக்கும் தெரியாது. எனக்கு ஐம்பத்தேழு, உங்களுக்கு அறுபது. இன்னொருமுறை கோபித்துக்கொண்டு ஆறுவதற்கு எங்கள் மூன்று பேரிடமும் காலம் இல்லை மச்சான். என் பயமெல்லாம் அதுதான்.

ஆகவே மறைப்பதென்று தீர்மானித்தேன். உள்ளதைச் சொல்கிறேன். மெறூன் பெயின்ற் திருக்கோணமலையில் இல்லை, கொழும்பிலும் இல்லையாம். இறக்குமதி நின்ற நாளிலிருந்து கடைக்காரர் பெயின்ற் என்ற சொல்லையே மறந்துவிட்டார்கள். என்னிடம் இருந்தது வெள்ளைக்காரன் விட்டுப்போன கப்பல் சாம்பல் பெயின்ற். இந்த ஊரில் யன்னலுக்கும் படலைக்கும் கோழிக்கூட்டுக்கும் அதைத்தானே பூசியிருக்கிறோம். அதோடு வள்ளத்துக்கு அடிக்கிற சிவப்பு ஈயத்தைக் கலந்தேன். மெறூன் வரும் என்று நினைத்தேன், ஆட்டீரல் வந்தது. பரவாயில்லை என்று பூசிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் பூச்சு ஒரு பொட்டு இல்லை, கீறல் பளிச்சென்று சிரிக்கிறது. துடைத்த துணி மண்ணெண்ணெய் மணத்தோடு கொடியில், இரண்டு கிளிப் போட்டு ஒழுங்காகத் தொங்குகிறது. நான் றோஸைப் பார்த்தேன், றோஸ் என்னைப் பார்த்தாள். "நான் தொடேல்லை" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அடுத்ததாக அந்தோனியார் படம் ஒன்றை வாங்கி நெளிவின் மேல் ஒட்டினேன். பக்தியாகவும் இருக்கும், நெளிவும் தெரியாது. றோஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "காணாமல் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர் அந்தோனியார். அவரைக் கொண்டே மறைக்கப் பாக்கிறியளோ?" என்று கேட்டாள். அவள் சொன்னது சரியாகத்தான் போயிற்று. மறுநாள் காலையில் அந்தோனியார் தாங்கியில் இல்லை. எங்கள் அறைக் கதவு நிலையில், என் தலையணைக்கு நேரே, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தார். இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்காமல் கதவால் போய்வந்தேன்.

கமலேஸ்வரி விஷயம் அறிந்து தன் பங்குக்கு யோசனை சொன்னாள். "அப்பிடியே விடுங்கோ அண்ணை. குழந்தைக்குக் கன்னத்தில கரிப்பொட்டு வைக்கிறேல்லையே? வடிவான சாமானுக்கு ஒரு மறு இருந்தா கண்ணூறு படாது." நல்ல கதைதான். அதை உங்களிடம் யார் சொல்வது என்று கேட்டதற்கு அவள் வேலிக்குப் பின்னால் இறங்கிவிட்டாள். நான் வண்டியைத் துணியால் மூடினேன். காலையில் அந்தத் துணி பின்சீற்றில் நாலாக மடித்து, ஓரத்தை உள்ளே செருகி, ஒரு பெட்டகத்துச் சீலை மாதிரி வைத்திருந்தது. அப்படி மடிக்கிறவர் எங்கள் குடும்பத்தில் ஒரே ஒருவர்தான். றோஸ் அதைப் பார்த்தாள். குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டாள். மூன்று கோப்பை. மூன்றாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை, நீங்களும் அவளிடம் கேட்க வேண்டாம்.

அதற்கு மேல் என்னால் ஏலாது. போன புதன்கிழமை வண்டியைச் சாக்கால் மூடி, துறைமுக வீதியில் வள்ளங்களுக்குப் பேர் எழுதுகிற அலியாரிடம் தள்ளிக்கொண்டு போனேன். மனுஷன் இருபது வருஷமாக அதே மரத்தின் கீழ் இருக்கிறார். சாக்கை எடுக்க முந்தியே, "இடப்பக்கம் தானே ஐயா?" என்றார். என் இடது முழங்கைக் கட்டைப் பார்த்துச் சொல்லியிருப்பார். மெறூன் கிடைக்காதே என்று நான் தொடங்க, அவர் தட்டிலிருந்து ஒரு சிகரெட் ரின்னை எடுத்து மூடியைத் திறந்தார். அதே மெறூன், மச்சான்! தாங்கியில் ஒரு சொட்டு வைத்துக் காட்டினார், எங்கே வைத்தார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "உனக்கு இது எங்கால?" என்று கேட்டேன். "அந்த அம்மா முந்தியே தந்துட்டுப் போனாங்களே" என்றார். எந்த அம்மா? "ஓடிக்கொலோன் மணக்கும். கறுப்புக் குடை, கிளிமூக்குப் பிடி."

நான் அங்கேயே பலகையில் குந்தி விரல் விட்டுக் கணக்குப் பார்த்தேன். பிறகுதான் எனக்கு எல்லாம் வெளித்தது. நீங்கள் வண்டி வாங்கியது ஐம்பத்தேழு. குடை தொலைந்தது அறுபத்தொன்று. ஆகவே அதற்கிடையில் ஒரு நாள், நீங்கள் கந்தோரில் இருந்த நேரம், எல்சியக்கா உங்களுக்குத் தெரியாமல் வண்டியை எடுத்துப் போய் விழுந்திருக்கிறார்! அலியாரிடம் கொடுத்துத் திருத்தி, ஒன்றும் தெரியாத மாதிரி வைத்திருக்கிறார். மிச்சப் பெயின்ற்தான் அந்த ரின். இத்தனை வருஷம் காயாமல் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடினால் காயாது, களஞ்சியத்தில் நாங்கள் செய்கிறதுதான். நான் கேட்ட குரல் என் வயிற்றுப் பசி. துணியை மடித்தது கமலேஸ்வரியின் பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் நியாயம் இருக்கிறது.

அலியார் தட்டி நிமிர்த்திப் பூசிவிட்டால் உங்களுக்கு ஒன்றுமே தெரியப்போவதில்லை. இருந்தும் இதை எழுதுகிறேன். உங்களை ஏமாற்றிக்கொண்டு உங்களோடு ஒரு மேசையில் இருந்து சோறு தின்ன எனக்கு மனமில்லை. எல்சியக்காவும் அதே பிழையை விட்டு, அதையும் மறைத்து, கடைசிவரை உங்களோடு சந்தோஷமாகத்தான் இருந்தார். அவரை மன்னிப்பீர்கள் என்றால் அதே கணக்கில் என்னையும் மன்னித்துவிடுங்கள். கெதியாய் வாருங்கள். வண்டி துடைத்து, பெற்றோல் அடித்து, படலையில் நிற்கும். வந்து இறங்கிய கையோடு ஏறிச் சேமக்காலைக்குப் போகலாம்.

மாதா உங்களை மலையிலிருந்து பத்திரமாக இறக்கிக் கொண்டுவரட்டும். பிரியாவிடையில் தருகிற சாமான் மணிக்கூடாக இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், குடையாக இருந்தால் வேண்டாமென்று சொல்லுங்கள். றோஸ் தன் முத்தங்களை அனுப்புகிறாள்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிவுள்ள மைத்துனன்
சூ. யேசுரட்ணம்

பி.கு. — ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். தபாலில் போடப் போகிற வழியில் அலியாரிடம் போனேன். தாங்கி பூசி முடிந்துவிட்டது, நெளிவு இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. சந்தோஷத்தில், "அந்த அம்மா பெயின்ற் தந்தது எந்த வருஷம், ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ?" என்று கேட்டேன். அலியார் தூரிகையைக் கீழே வைத்தார். "என்ன ஐயா கதைக்கிறீங்க? இந்த வருசப் பிறப்புக்கு முந்தின நாள்தானே வந்தாங்க. எங்கட தம்பி கொண்டு வருவார், இடப்பக்கம் என்டு சொல்லி, நீங்க வர முந்தியே தந்துட்டுப் போனாங்க. அதைத்தானே அன்டைக்கும் சொன்னேன்."

சித்திரை வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் உங்கள் வண்டி துணிக்குள் இருந்தது மச்சான். நான் விழுந்தது அதற்கு அடுத்த வியாழக்கிழமை. ஆகவே மேலே எழுதியதை அழித்து வாசியுங்கள். எல்சியக்கா தனியே ஏறவும் இல்லை, விழவும் இல்லை, உங்களிடம் ஒரு நாளும் ஒன்றையும் மறைக்கவும் இல்லை. குடை பத்திரமாக உரியவரிடம் இருக்கிறது, அந்தக் கதையை இனி விடலாம்.

வண்டியை அலியாரிடமே விட்டுவிட்டு நடந்து வந்தேன். நீங்கள் வந்ததும் சேமக்காலைக்கு மூன்று பேரும் நடந்தே போவோம். கெஞ்சிக் கேட்கிறேன், வண்டியில் ஏற வேண்டாம். தட்டில் இன்னொரு ரின் இருந்தது. அதே மெறூன், மூடி திறக்கவில்லை. "இது ஆருக்கு?" என்று கேட்டேன். "அது மலையில இருந்து வாற ஐயாவுக்காம்" என்றார். மச்சான், எனக்கு வைத்தது சிகரெட் ரின். உங்களுக்கு வைத்திருப்பது பெரிய பால்மா ரின்.